முள்ளிக்கரை ரோடு ஸ்டேஷனுக்கு மெட்ராஸில் வெற்றிலை வைத்தேன்

வெளிநாடு போய் வந்தவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். கப்பலில் தலை சுற்றியது, பனியில் மூக்கு சிவந்தது என்று. நான் போனது மெட்ராஸ். சிரிக்க வேண்டாம். எங்கள் முள்ளிக்கரையில் பாதிப் பேருக்கு மெட்ராஸ் வெளிநாடுதான். பேச்சு வேறு, தண்ணீர் வேறு, கோபப்படுகிற தினுசு வேறு. அங்கே காதில் விழுந்ததில் பாதியை நம் ஊர்த் தமிழுக்கு மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். சிலதை மாற்ற மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

வேடிக்கை பார்க்கப் போகவில்லை. எங்கள் ஸ்டேஷனைத் திரும்பத் திறக்க ஒரு ஆளைக் கூட்டிவரப் போனேன். என் பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஈரத்துணியில் சுற்றிய ஒரு கவுளி வெற்றிலை, கொட்டைப்பாக்கு. வெற்றிலைதான் முக்கியம். எதிரியைக் கூப்பிடப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது.

ஸ்டேஷனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் முள்ளிக்கரை ரோடு. ரயில்வே அகராதியில் 'ரோடு' என்றால் 'ஊர் இங்கே இல்லை, இறங்கி நடங்கள்' என்று அர்த்தம். ஒரு அறை, ஒரு தகரக் கொட்டகை, பிளாட்பாரத்தில் ஒரு வாகை மரம். ஒரு காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர், போர்ட்டர், கைகாட்டி எல்லாம் இருந்தன. அப்புறம் மாஸ்டரை எடுத்துவிட்டு வெறும் ஹால்ட் ஆக்கினார்கள். உள்ளூர் ஆள் ஒருவர் கமிஷனுக்கு டிக்கெட் விற்பார், ரயில் ஒரு மூச்சு நின்று போகும், அவ்வளவுதான்.

அந்த உள்ளூர் ஆள் யார் என்பதில்தான் வினை. எங்கள் ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு. வேறு வேறு ஜனம் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் பங்காளிகள். அந்நியனோடு சண்டை என்றால் அலுத்துப் போகும், பங்காளிச் சண்டைதான் பரம்பரைக்கும் வரும். வேலை கீழத்தெரு பரமசிவத்துக்குக் கிடைத்தது. மேலத்தெரு, அதாவது எங்கள் தெரு, கருப்பசாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தது: "பரமசிவம் கையால் டிக்கெட் வாங்க மாட்டோம்." அங்கே செய்த சத்தியத்தை மீறினவன் கை அழுகிப் போகும் என்பது ஊர் நம்பிக்கை.

வாங்கவில்லை. அடுத்த ஸ்டேஷனான கல்லுப்பாலத்துக்கு வயல் வரப்பில் நடந்து போய் அங்கே டிக்கெட் வாங்கினோம். டவுனுக்குப் போகிற ரயில் கல்லுப்பாலத்திலிருந்து எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். எங்கள் ஸ்டேஷனில் அது நிற்கும்போது, உள்ளே உட்கார்ந்துகொண்டு டிக்கெட் ஜன்னலைப் பார்த்துப் பரமசிவத்துக்குப் பழிப்புக் காட்டுவோம். நிறைமாதக் கர்ப்பிணியைக்கூட வண்டி கட்டி கல்லுப்பாலத்துக்குக் கொண்டு போய் ஏற்றினார்கள். அவளும் சொந்த ஊரைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தன் மூக்கை அறுத்து அடுத்தவனுக்குச் சகுனத்தடை செய்வது என்று சொல்வார்களே, அதை நாங்கள் வருஷக்கணக்கில் செய்தோம். சிரமம் தெரியவே இல்லை. வீம்புக்குக் கால் வலிக்காது.

கீழத்தெரு மட்டும் எத்தனை டிக்கெட் வாங்கும்? விற்பனை இல்லை என்று ரயில்வே ஸ்டேஷனை மூடிவிட்டது. பரமசிவம் பெண்டாட்டி ராமலட்சுமியோடு மெட்ராஸுக்குப் போய்விட்டார். கெட்டும் பட்டணம் சேர் என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா. ரயில் கல்லுப்பாலத்தில் நிற்கிறது. நம் ஊரில் ஊதிவிட்டு மட்டும் போகிறது. பஸ்ஸும் வராது, வாய்க்கால் பாலம் அதைத் தாங்காது.

போன மாதம் ரயில்வே ஆட்கள் வந்து கட்டடத்தை நாடா போட்டு அளந்தார்கள். பிரித்து விற்கப் போகிறார்களாம். இரண்டு தெருவும் ஓடிப் போய் அவர்கள் முன்னால் நின்றது. ஒன்றாக நின்றோம் என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு வண்டி போகிற இடம் விட்டுத்தான் நின்றோம். வந்த அதிகாரி நல்ல மனுஷன். "பழைய ஏஜெண்ட் திரும்ப வந்தால் பழைய ஒப்பந்தத்தையே உயிர்ப்பிக்கலாம். புது ஆள் என்றால் எல்லாம் முதலிலிருந்து, அதற்குள் கட்டடம் இருக்காது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் மெட்ராஸ் ஆபீஸில் வந்து சொல்லுங்கள்" என்றார்.

கீழத்தெரு சொன்னது: "விரட்டினது நீங்க, நீங்களே போய்க் கூப்பிடுங்க." வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறவன், வாய் உள்ளவன் என்று எங்கள் தெரு என்னைத் தள்ளிவிட்டது.

எழும்பூரில் காலையில் இறங்கினேன். மாம்பலத்துக்கு எலெக்ட்ரிக் ரயில். இந்த ரயிலைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு ஸ்டேஷன் போர்டு கண்ணைவிட்டு மறையும் முன்னே அடுத்த போர்டு வருகிறது. வெற்றிலை மென்று துப்புவதற்குள் ஒரு ஸ்டேஷன். நுங்கம்பாக்கத்தில் ஏறி கோடம்பாக்கத்தில் இறங்குகிறார்கள், கோடம்பாக்கத்தில் ஏறி மாம்பலத்தில் இறங்குகிறார்கள். இவர்களுக்கெல்லாம் கால் இல்லையா? ஒருத்தரும் இவர்கள் ஸ்டேஷனை நாடா போட்டு அளக்கவில்லை.

பரமசிவம் தியாகராய நகரில் ஒரு பாத்திரக்கடையில் இருக்கிறார் என்று தகவல். ரங்கநாதன் தெருவில் கடையைக் கண்டுபிடித்தேன். கூட்டம் என்னைக் கொண்டு போய் வாசலில் இறக்கியது என்றுதான் சொல்ல வேண்டும். கடை முதலாளி நம் பக்கத்து மனுஷர். எவர்சில்வர் குடங்களுக்கு நடுவில் நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார்.

"முள்ளிக்கரையா? வாங்க அண்ணாச்சி, உட்காருங்க. ஏ, அந்தக் குண்டானை நகட்டு, அண்ணாச்சி உட்காரட்டும்."

பரமசிவம் அங்கே இல்லை. வேலையை விட்டு வெகுநாளாகிவிட்டது. "கணக்கா இருப்பாவ. ஆனா கடைக்கு ஆக மாட்டாவ. கூட்டம் முண்டினா, 'வரிசையா வாங்க, வரிசையா வாங்க'ன்னு அதட்டுதாவ. பாத்திரக்கடையில எவம்வே வரிசையில நிப்பான்? நிக்க முடியாம பக்கத்துக் கடைக்குப் போயிட்டான்." எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நம் ஸ்டேஷன் ஆளுக்கு டி. நகரையே வரிசையில் நிறுத்தப் பார்க்கிற தைரியம்.

மத்தியானம் கடைக்காரர்களோடு சாப்பாடு. ரசத்தில் நம் ஊர் மிளகு வாசனை. முதலாளி எங்கள் ஸ்டேஷன் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொன்னார். அவர் தாத்தா காலத்தில் அந்தப் பக்கத்துப் பனங்கருப்பட்டி எல்லாம் அங்கேதான் ஏறுமாம். கருப்பட்டிச் சிப்பத்துக்காகத்தான் வெள்ளைக்காரன் ஸ்டேஷனே வைத்தானாம். "அந்தப் பிளாட்பாரத்துல சிப்பம் தூக்கித்தான் எங்க தாத்தா முதல் போட்டாவ. இந்தக் கடைக்கு அஸ்திவாரம் ரங்கநாதன் தெருவுல இல்ல, உங்க ஊர்ல இருக்கு" என்றார். இப்படிச் சொல்கிறவர் ஊர்ப்பக்கம் போய் எவ்வளவு காலமாச்சு என்று நான் கேட்கவில்லை. சாப்பாடு போட்டவரைக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது.

அன்று கிடங்கில் படுக்கை. வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுத்தேன். மெட்ராஸ் வெயில் வெற்றிலைக்கு ஆகாது.

மயிலாப்பூரில் எங்கள் பழைய ஸ்டேஷன் மாஸ்டர் ஓய்வு பெற்று இருக்கிறார், பரமசிவத்துக்கு அங்கே போக்குவரத்து உண்டு என்று முதலாளி சொல்லியிருந்தார். மறுநாள் பஸ் ஏறினேன். நம்பரை மனப்பாடம் செய்துதான் ஏறினேன். ஆனால் போக வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று ஏறிவிட்டேன் போலிருக்கிறது. கூவம் வாசனை வந்தபோதே சந்தேகம். கண்டக்டரிடம் "மயிலாப்பூர் இன்னும் வரலையா?" என்றேன்.

"இன்னா நைனா, குந்திக்கினு வேடிக்கை பாத்துக்கினே வந்தே, இப்ப கேக்கறே? மைலாப்பூரு அந்தாண்ட கீது. இது சிந்தாரிப்பேட்டை. எறங்கு எறங்கு."

சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி முழித்தேன். சைக்கிள் கடை கண்ணில் பட்டதும் உயிர் வந்தது. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த அம்மாள் (ஆமாம், அம்மாள்தான், புடவையை வரிந்து கட்டிக்கொண்டு டயர் கழற்றினாள்) வழி சொன்னாள். "வாய் இருந்தா வங்காளம் போலாம். உனுக்குத்தான் வாய் கீதே, அப்பால இன்னா பயம்?" இந்தச் சொலவடை நம் ஊரிலும் உண்டு. அங்கே கேட்டபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். தொழிலாளிக்குத் தொழிலாளி செய்கிற மரியாதை.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்தில் சந்து. மாஸ்டர் ஈஸிசேரில் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. ஊர்ப்பேரைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார்.

"முள்ளிக்கரை ரோடா! கேட்டியோடீ, முள்ளிக்கரை ரோட்லேருந்து ஒருத்தர் வந்திருக்கார்!"

உள்ளேயிருந்து மாமியின் குரல். "அந்தப் பேரை ஆத்துல எடுக்காதீங்கோ. பாம்பும் தேளுமா நான் பட்டது போறும்."

"அவ சொல்றதைக் கேட்காதேயும். அங்கே இருந்தப்போதான் அவளுக்குத் தலைவலியே வந்ததில்லை."

"தலைவலிக்கு நேரம் இருந்தாத்தானே? தேளை அடிச்சிண்டேன்னா இருந்தேன்!"

காபி வந்தது. அந்தக் காபியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், எழுதப் போவதில்லை. நான் கருப்பட்டிச் சிப்பக் கதையைச் சொன்னேன். மாஸ்டர் கைதட்டிச் சிரித்தார்.

"கருப்பட்டியாவது, மண்ணாங்கட்டியாவது. மனுஷாளுக்காகவும் கட்டலை, கருப்பட்டிக்காகவும் கட்டலை, ஓய். எஞ்சினுக்குத் தாகம்! சுத்துவட்டாரத்துல எல்லாக் கிணறும் உப்பு. பாய்லர் வீணாப் போயிடும். உம்ம ஊர்லதான் நல்ல தண்ணி. அதான் அங்க நிறுத்தி எஞ்சினுக்குத் தண்ணி காட்டினா. நிக்கற வண்டியில ஜனங்க ஏற ஆரம்பிச்சா. அப்புறம் ஒரு ரூம், ஒரு மாஸ்டர், டிக்கெட். பெரிய எஞ்சின் வந்து, தண்ணியை வேற எடத்துல பிடிச்சிண்டதும் உம்ம ஸ்டேஷன் இளைக்க ஆரம்பிச்சுடுத்து."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் ஸ்டேஷன் எங்களுக்காக வந்தது என்றுதான் நினைத்திருந்தோம். "எஞ்சினுக்குத் தாகம் தீர்ந்துட்டுன்னா எங்களுக்குமா தீர்ந்துட்டு, சாமி?" என்றேன்.

"நியாயம்தான்" என்றார் மாஸ்டர். "ஆனா டிக்கெட் வாங்காதது நீங்கன்னா?"

மாமிதான் காப்பாற்றினாள். "அந்தப் பரமசிவம் பொண்டாட்டி நவராத்திரிக்கு வந்துட்டுப் போனா. அடையார் தாண்டி ஊரூர் குப்பத்துல இட்லிக் கடை வச்சிண்டிருக்காளாம். நல்ல பொண்ணு. அங்கே இருக்கறச்சே டிக்கெட் குத்தறதெல்லாம் அவதான். அவன் வயலுக்குப் போயிடுவான்."

டிக்கெட்டில் தேதி குத்துகிற மெஷினைச் சொல்கிறாள். அதைக் காதில் வாங்கிக்கொண்டேன், மனசில் வாங்கிக்கொள்ளவில்லை. குப்பம் என்ற சொல்தான் மனசில் இருந்தது. வெளியே வந்து தெற்கு மாடவீதியில் வெற்றிலை புதிதாக வாங்கினேன். ஊரிலிருந்து கொண்டு வந்தது ஓரம் கருத்துவிட்டது.

குப்பத்துக்கு அடுத்த நாள் போனேன். வியாழக்கிழமை. அடையாற்றுப் பாலம் தாண்டி பஸ் ஓரிடத்தில் இறக்கிவிட்டது. அதற்கப்புறம் மணல். பெசன்ட் நகர் என்று அங்கங்கே வீடு கட்டுகிறார்கள். வீட்டைவிடக் கல் குவியல் அதிகம். பாலவாக்கத்திலிருந்து மீன் கூடையோடு திரும்பி வந்த ஒரு அம்மாள் கூடவே நடந்து வழி காட்டினாள். பெயர் தெரேசம்மா. நான் மணலில் கால் புதைந்து தள்ளாடுவதைப் பார்த்து, "இன்னாய்யா, குடிச்சிக்கீறியா?" என்றாள். எங்கள் ஊர்க் கரிசலில் நடந்தவனுக்கு மணல் புதுசு என்று சொன்னேன். "மண்ணுன்னா மண்ணுதான். மெதப்பா நடக்காதே, சாதாவா நட" என்றாள். மெட்ராஸில் எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் இதுதான் உடனே பலித்தது.

கரையில் கட்டுமரங்கள். வலை காய்கிறது. சந்துக்குள் ஓலைச் சார்ப்பு ஒன்றின் சுவரில், மார்பு உயரத்துக்கு, அரைவட்டமாக ஒரு ஓட்டை வெட்டியிருந்தது. அதற்கு முன்னால் ஜனம் வரிசையாக நிற்கிறது. மீன்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள்! ஓட்டைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வரும், இட்லி இலையை நீட்டும், உள்ளே போகும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் ஸ்டேஷனின் டிக்கெட் ஜன்னல். அளவுகூட மாறவில்லை.

நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் குனிந்தேன். உள்ளே ராமலட்சுமி.

"எத்தனை?" என்று கேட்டவள் நிமிர்ந்து பார்த்தாள். "மேலத்தெரு சைக்கிள் கடை அண்ணாச்சி! நீங்க எங்க இங்க?"

"நீங்க ரெண்டு பேரும்தான் வேணும், தங்கச்சி."

"சாப்பிடுங்க முதல்ல. பின்னால ஆளு நிக்கி."

மீன் குழம்போடு இட்லி. இதை நம் ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள். நான் மூன்று தடவை வரிசையில் நின்றேன்.

கூட்டம் கலைந்ததும் பரமசிவம் வந்தார். முடி நரைத்திருந்தது. என் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்ததும் எதற்கு வந்தேன் என்பது புரிந்துவிட்டது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வெற்றிலையைத் தொட்டால் சம்மதம் என்று அர்த்தம். தொடாத வரைக்கும் நான் வெறும் விருந்தாளிதான்.

விஷயத்தை எல்லாம் சொன்னேன். நாளைக்குள் வந்து சொல்லாவிட்டால் கட்டடத்தைப் பிரித்துவிடுவார்கள் என்றேன்.

"பிரிக்கட்டும்" என்றார். "என் கையால வாங்குனா கை அழுகிப் போகும்னு சூடம் அணைச்சது யாரு? நானா?"

"அது அந்தக் காலம், பங்காளி."

"சத்தியத்துக்குக் காலம் உண்டுமா? கருப்பசாமி ரிட்டயர் ஆயிட்டாராவே? நாளைக்கு உங்க தெருவுல ஒருத்தனுக்குக் கையில புண்ணு வந்தா, என்கிட்ட டிக்கெட் வாங்குனதாலதான்னு சொல்லுவிய. திரும்பவும் நான் மூட்டை கட்டணும். ஒரு மனுசன் எத்தனை தடவைதான் பட்டணம் போறது?"

நியாயமான பேச்சு. அதுதான் கஷ்டம். அநியாயமாகப் பேசுகிறவனோடு வாதாடலாம். எங்கள் தெருவும் சத்தியத்தை முறிக்கச் சம்மதித்து என்னை அனுப்பவில்லை. "எப்படியாவது ஆளைக் கூட்டிட்டு வா, மத்ததை அப்புறம் பாப்போம்" என்றுதான் அனுப்பியது. அதை அவரிடம் சொல்லவா முடியும்? கை வலிக்க வெற்றிலையை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

தெரேசம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளால் தாங்க முடியவில்லை. "இன்னாய்யா இது ஒரே பேஜாரு? ரயிலு வோணுமா, வோணாமா? வோணும்னா ஏறு. வோணாம்னா கம்முனு குந்து. ரெண்டு பேரும் சேந்து தண்டவாளத்துல படுத்துக்கினு ரயிலு வர்லேன்னு அய்துக்கினு கீறீங்க!"

ராமலட்சுமி அதுவரை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, உங்க தெருச் சத்தியம் என்ன? சொல்லுங்க, ஒரு எழுத்து விடாம."

"பரமசிவம் கையால் டிக்கெட் வாங்க மாட்டோம்."

"அவ்வளவுதானே? அப்போ அது அப்படியே இருக்கட்டும். யாரும் எதையும் முறிக்க வேண்டாம். ஒப்பந்தத்துல பேரு அவியளோடது. சன்னலுக்குள்ள இருக்கிற கை என்னுது."

பரமசிவம், "நீ சும்மா இரு" என்றார்.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? அங்கன தேதி குத்துனது யாரு, நீங்களா? நீங்க வெள்ளாமைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு ரயில் போனப்புறம் வருவிய. மேலத்தெரு நம்மைப் பழிச்சுக்கிட்டுப் போகும்போதெல்லாம் அந்த சன்னலுக்குள்ள நின்னது நான். அத்தனை வருசமும் அவிய சத்தியம் பண்ணினது இல்லாத கைக்கு." என்னைப் பார்த்துத் திரும்பினாள். "இன்னொண்ணு. நீங்க சமாதானம் பேச வந்தியளோ?"

"ஆமா, தங்கச்சி."

"சமாதானம் வேண்டாம். சமாதானமானா ரெண்டு நாளைக்குச் சந்தோசமா டிக்கெட் வாங்குவாக, மூணாம் நாள் சோம்பேறித்தனம் வந்து வீட்டுல கிடப்பாக. சண்டையிலதான் நம்ம ஊரு நடமாடும். பிளாட்பாரத்துல கரும்பலகை வைக்கேன். மேலத்தெரு எத்தனை டிக்கெட், கீழத்தெரு எத்தனை டிக்கெட்டுன்னு தினமும் எழுதிப் போடுதேன். எந்தத் தெரு தோக்குதுன்னு பாப்போம். போக வேலை இல்லேன்னாலும் டவுனுக்குப் போவானுக உங்க தெருக்காரனுக. போவானுகளா, மாட்டானுகளா?"

எனக்கு எங்கள் தெரு முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. கீழத்தெரு பலகையில் முந்துகிறது என்று கேள்விப்பட்டால் கிழவர்களைக்கூடக் கட்டிலோடு தூக்கிவந்து ரயிலில் ஏற்றுவார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ரயிலுக்கும் கொண்டாட்டம்தான் என்று எவனுக்குமே தோன்றவில்லை.

"போவானுக" என்றேன்.

"அப்போ வெற்றிலையை இங்கன வைங்க." கையை நீட்டினாள்.

இங்கே நான் தயங்கினதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வேலைக்கு அழைக்கிற வெற்றிலையை ஆம்பிளை கையில்தான் வைப்பது. பெண் கையில் வைப்பது கல்யாணச் சடங்கில் மட்டும். வேலைக்கு வா என்று ஒரு பெண் கையில் எங்கள் ஊரில் யாரும் வைத்துப் பார்த்ததில்லை. ஊரில் என்ன சொல்வார்களோ என்று ஒரு நினைப்பு. பரமசிவம் என் முகத்தைப் பார்த்தார். அவரும் என்னைப் போலவே தவித்தார். அதில் மட்டும் இரண்டு தெருவுக்கும் ஒற்றுமை.

நீட்டின கை நீட்டினபடி நின்றது. தீக்காயத் தழும்பு, விரலெல்லாம் இட்லி மாவு காய்ந்த தடம். நிறைமாதக்காரியைக் கல்லுப்பாலத்துக்கு வண்டியில் கொண்டு போன அன்று, அவள் எங்கள் ஸ்டேஷனைத் தாண்டும்போது இந்தக் கை ஜன்னலுக்குள் இருந்திருக்கிறது. சொல்கிறவர்கள் சொல்லட்டும். வைத்தேன். அவள் வாங்கி ஒரு வெற்றிலையைக் கிழித்து, பாதியை வாயில் போட்டுக்கொண்டு பாதியைப் புருஷனிடம் கொடுத்தாள். அவர் மென்றார்.

"காரமா கீதா?" என்றாள் தெரேசம்மா.

வெள்ளிக்கிழமை ரயில்வே ஆபீஸ். மூன்று பேரும் போனோம். அந்தக் கட்டடத்தின் படிகளில் ஏறும்போது எங்கள் ஸ்டேஷன் முழுவதையும் அதன் ஒரு மூலையில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. வாசல் சேவகர், "யாரைப் பாக்கணும்? இன்னா விஷயம்? அப்புறம் வா" என்று ஒரே மூச்சில் மூன்றையும் சொன்னார். ராமலட்சுமி, "நாங்க முள்ளிக்கரை ரோடு ஏஜெண்ட். அவிய வரச் சொல்லியிருக்காவ" என்றாள். இல்லாத ஸ்டேஷனின் பேரை அவள் சொன்ன தோரணையில் மனுஷர் கதவைத் திறந்துவிட்டார்.

எங்கள் ஊருக்கு வந்த அதே அதிகாரி. பரமசிவத்திடம் கையெழுத்து வாங்கினார். பிறகு, "ஜன்னலில் யார் உட்காருவது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றாள் ராமலட்சுமி.

அவர் அவளையும், எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போட்டால் எனக்குப் போதும். ஜன்னலுக்குள் யார் கை என்று நான் வந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் ஒன்று. அடுத்த மாதத்திலிருந்து பரீட்சார்த்தமாகத்தான் ரயில் நிற்கும். பழையபடி விற்பனை இல்லை என்றால் மறுபடி மூடுவோம். அப்புறம் யார் வந்தாலும் திறக்க மாட்டோம்."

"நிறுத்துங்க சார்" என்றாள். "நிறுத்துறது உங்க வேலை. விக்குறதை எங்க ஊர்ச் சண்டை பாத்துக்கிடும்."

அவருக்குப் புரியவில்லை. சிரித்துவைத்தார். கட்டடத்தைப் பிரிக்க வேண்டாம் என்ற உத்தரவை எங்கள் கையிலேயே கொடுத்தார். தபால் போய்ச் சேருவதற்குள் கடப்பாரை போய்ச் சேர்ந்துவிடும், நீங்களே கொண்டு போங்கள் என்றார்.

அன்று சாயங்காலமே எழும்பூர். டிக்கெட் ஜன்னல் வரிசையில் ராமலட்சுமி எனக்கு முன்னால் நின்றாள்.

"முள்ளிக்கரை ரோடு ரெண்டு."

உள்ளே இருந்தவர் புத்தகத்தைப் புரட்டினார். "அப்படி ஒரு ஸ்டேஷன் இல்லையேம்மா."

"இருக்கு. நான்தான் அங்க டிக்கெட் குடுக்கிறவ. எழுதிவச்சுக்கோங்க."

பின்னாலிருந்து ஒரு குரல். "இன்னாம்மா, டிக்கெட் குடுக்கறவங்களே டிக்கெட் வாங்கினு கீறீங்க! சீக்கிரம்மா, வண்டி பூடும்."

"கல்லுப்பாலம் தரட்டுமா?" என்றார் உள்ளே இருந்தவர்.

நான் தலையாட்டப் போனேன். ராமலட்சுமி ஜன்னல் கட்டையில் கையை ஊன்றிக்கொண்டாள். "கல்லுப்பாலத்துக்குக் கீழத்தெருக்காரி டிக்கெட் வாங்க மாட்டா. எங்க ஊருக்கு முந்தின ஸ்டேஷனுக்குக் குடுங்க."

"அங்கேயிருந்து நடை ரொம்பத் தூரம், தங்கச்சி" என்றேன்.

"நடக்கோம். நீங்க உங்க கல்லுப்பாலத்துலயே இறங்கி வாங்க, அண்ணாச்சி. உங்க தெருவுக்கு அதானே பழக்கம். உத்தரவுத் தாள் என்கிட்ட இருக்கட்டும். பிளாட்பாரத்துல யாரு முதல்ல கால் வைக்காகன்னு பாப்போம்."

பரமசிவம் என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்லுப்பாலம் ஒன்று என்று கேட்டு வாங்கினேன்.

ரயிலில் மூன்று பேரும் ஒரே பலகையில்தான் உட்கார்ந்து வந்தோம். அவள் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். பேச்சுக்கும் குறைவில்லை. பொழுது நன்றாக விடிந்து வெயில் ஏறியபோது அவர்கள் ஸ்டேஷன் வந்தது. இறங்கினார்கள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். அவள் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்டவாளத்து ஓரமாக விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டாள். பரமசிவம் பின்னால் ஓடினார்.

ரயில் அவர்களைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வாகை மரம் தெரிந்தது. பிளாட்பாரத்தில் கடப்பாரையோடு நான்கைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்கு எதிரே, நடுவில் ஒரு வண்டி போகிற இடம் விட்டு, இரண்டு தெருவும் உட்கார்ந்திருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

ரயில் ஊதிவிட்டு, நிற்காமல் போனது. அடுத்தது கல்லுப்பாலம். நான் எழுந்து வாசலுக்கு வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன்.